இரண்டு விமான நிலையங்களுக்கு இடையே எவ்வளவு தூரம், எத்தனை மணி நேரம்? அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

தொலைதூர விமானப் பயணம் என்றதும் எல்லோரும் முதலில் தேடுவது இரண்டு எண்களை: எத்தனை கிலோமீட்டர், எத்தனை மணி நேரம். குழப்பம் வருவதும் அந்த இரண்டில்தான். தூரம் என்ற ஒரே சொல்லை மூன்று பொருளில் சொல்கிறார்கள். நேரமும் அப்படித்தான். எந்தத் தூரம், எந்த நேரம் என்று முதலில் பிரித்துக்கொண்டால் பாதிச் சந்தேகம் அங்கேயே தீர்ந்துவிடும். திரும்பத் திரும்பக் காதில் விழும் கேள்விகளை, கேட்பவர்கள் கேட்கிற மாதிரியே வரிசைப்படுத்தியிருக்கிறோம்.

1. ரெண்டு ஏர்போர்ட்டுக்கு நடுவுல இத்தனை கிலோமீட்டர்னு போடுறாங்களே, அது எந்தத் தூரம்?

பெரும்பாலும் அது பெருவட்டத் தூரம். உருண்டையான பூமியின் மேற்பரப்பில் ஓர் இடத்திலிருந்து இன்னோர் இடத்துக்குப் போக இருப்பதிலேயே குறுகிய வழியின் நீளம் அது. பூமி நகராதவரை இந்த எண்ணும் மாறாது.

இரண்டாவது, பாதைத் தூரம். விமானம் அன்றைக்கு உண்மையில் எந்த வழியாகப் போனதோ அந்தக் கோட்டின் நீளம். இது பெருவட்டத் தூரத்தைவிட எப்போதும் கொஞ்சமாவது கூடுதலாக இருக்கும். மூன்றாவது, காற்றுத் தூரம். அதாவது விமானம் எவ்வளவு காற்றைக் கடந்து போனது என்பது. எதிர்க்காற்று வீசினால் தரையில் 5,000 கி.மீ. நகர 5,600 கி.மீ. காற்றைக் கடக்க வேண்டியிருக்கும். பயணிக்கு முதல் எண் தெரிந்தால் போதும். எரிபொருள் கணக்குப் போடுபவருக்கு மூன்றாவதுதான் முக்கியம்.

2. மேப்புல நேரா கோடு போட்டா ஒரு வழி வருது. ஆனா விமானம் மேல வளைஞ்சு சுத்திப் போற மாதிரி காட்டுதே, ஏன்?

வளைந்திருப்பது வரைபடம்தான், விமானத்தின் வழி அல்ல. உருண்டையைத் தட்டையான தாளில் விரிக்கும்போது துருவப் பக்கம் உள்ள பகுதிகள் இழுபட்டுப் பெரிதாகத் தெரியும். அதனால் உண்மையில் குறுகிய வழி வரைபடத்தில் வளைந்தும், உண்மையில் நீளமான வழி நேராகவும் தோன்றும்.

ஒரு பூகோள உருண்டையும் கொஞ்சம் நூலும் இருந்தால் இதைக் கண்ணாலேயே பார்க்கலாம். நூலின் ஒரு முனையை நியூயார்க் மேலும் மறுமுனையை டோக்கியோ மேலும் வைத்து, தொய்வில்லாமல் இழுத்துப் பிடியுங்கள். நூல் பசிபிக் நடுவே போகாமல் வடக்கே ஏறி அலாஸ்கா மேல் போய் நிற்கும். தென் அரைக்கோளத்தில் இதுவே தலைகீழாக நடக்கும்: சிட்னிக்கும் ஜோகன்னஸ்பர்க்குக்கும் நடுவே நூல் தெற்கே, அண்டார்டிகாவின் பக்கம் சரியும்.

3. இந்தத் தூரத்தை நானே கணக்குப் போட முடியுமா?

தாராளமாக. சைன், கோசைன் உள்ள கால்குலேட்டர் இருந்தால் போதும். இரண்டு விமான நிலையங்களின் அட்சரேகை, தீர்க்கரேகையை டிகிரியில் எடுத்துக்கொள்ளுங்கள். வடக்கும் கிழக்கும் கூட்டல் குறி, தெற்கும் மேற்கும் கழித்தல் குறி. பிறகு இப்படி: இரு அட்சரேகைகளின் சைனையும் பெருக்குங்கள். தனியாக, இரு அட்சரேகைகளின் கோசைனையும் பெருக்கி, அதைத் தீர்க்கரேகை வித்தியாசத்தின் கோசைனாலும் பெருக்குங்கள். இரண்டையும் கூட்டி, கிடைத்த எண்ணுக்கு எதிர்க் கோசைன் (கால்குலேட்டரில் cos⁻¹) எடுத்தால் ஒரு கோணம் வரும். அதை 111.19 ஆல் பெருக்கினால் கிலோமீட்டர்.

சிங்கப்பூர் சாங்கி (1.36 வடக்கு, 103.99 கிழக்கு), லண்டன் ஹீத்ரோ (51.47 வடக்கு, 0.46 மேற்கு) இரண்டையும் போட்டுப் பார்ப்போம். தீர்க்கரேகை வித்தியாசம் 104.45. ஒன்று கிழக்கு, மற்றது மேற்கு என்பதால் இங்கே கூட்ட வேண்டும். முதல் பெருக்கல் 0.0186, இரண்டாவது மைனஸ் 0.1554, கூட்டினால் மைனஸ் 0.1368. இதன் எதிர்க் கோசைன் 97.86 டிகிரி. 111.19 ஆல் பெருக்கினால் ஏறக்குறைய 10,880 கி.மீ.

தப்பு நடப்பது பெரும்பாலும் இரண்டு இடத்தில். மேற்குக்குக் கழித்தல் குறி போட மறப்பது ஒன்று. கால்குலேட்டர் டிகிரிக்குப் பதில் ரேடியனில் இருப்பது மற்றொன்று. விடை 20,000 கி.மீ.க்கு மேல் வந்தால் ஏதோ தவறு என்று உடனே தெரிந்துகொள்ளலாம். பூமியின் சுற்றளவு சுமார் 40,000 கி.மீ. என்பதால் எந்த இரண்டு இடத்துக்கும் நடுவே அதில் பாதிக்கு மேல் தூரம் இருக்க முடியாது.

4. ஒரே ரெண்டு ஊருக்கு மூணு வெப்சைட்ல மூணு தூரம் வருது. எதை நம்புறது?

முதலில் அலகைப் பாருங்கள். தரை மைல் 1.609 கி.மீ., கடல் மைல் 1.852 கி.மீ. மேலே வந்த 10,880 கி.மீ. என்பது தரை மைலில் 6,760, கடல் மைலில் 5,875. விமானிகளும் வான்வழிக் கட்டுப்பாட்டாளர்களும் கடல் மைலில் பேசுவார்கள். அடிக்கடி பறப்பவர்களுக்கான புள்ளிக் கணக்கு பொதுவாகத் தரை மைலில் இருக்கும். வெறுமனே 'மைல்' என்று எழுதியிருந்தால் எது என்று கேட்டுத்தான் ஆக வேண்டும்.

அடுத்து, எங்கிருந்து எங்கே என்று பாருங்கள். சில தளங்கள் நகர மையத்திலிருந்து கணக்கிடும். டோக்கியோவின் நரிட்டா விமான நிலையம் நகர மையத்திலிருந்து 60 கி.மீ. தள்ளி இருக்கிறது, ஹனேடா நகரத்துக்குள்ளேயே இருக்கிறது. பெயர்க் குழப்பமும் உண்டு. கலிஃபோர்னியாவில் ஒரு சான் ஹோசே, கோஸ்டா ரிக்காவில் ஒரு சான் ஹோசே. விமான நிலையத்தின் மூன்றெழுத்துக் குறியீட்டைச் சரிபார்த்தால் இந்தத் தவறு வராது.

இதெல்லாம் சரியாக இருந்தும் 20, 30 கி.மீ. வித்தியாசம் வந்தால் கவலைப்பட வேண்டாம். பூமி முழு உருண்டை இல்லை. நடுக்கோட்டில் ஆரம் 6,378 கி.மீ., துருவத்தில் 6,357 கி.மீ. சராசரி ஆரத்தை வைத்துப் போடும் கணக்குக்கும் உண்மை வடிவத்தை வைத்துப் போடும் கணக்குக்கும் அரை சதவீதம் வரை வேறுபாடு வரலாம்.

5. அவ்வளவு உயரத்துல பறக்குறப்ப தூரம் கூடிடாதா?

கூடும், ஆனால் மிகச் சொற்பம். 11 கி.மீ. உயரத்தில் பறப்பது என்பது 6,371 கி.மீ. ஆரத்தோடு 11 ஐச் சேர்ப்பதுதான். 10,000 கி.மீ. பயணத்தில் இதனால் கூடுவது 17 கி.மீ. மட்டுமே, அதாவது ஒரு நிமிடத்துக்குச் சற்று அதிகம்.

6. தூரத்தை 900 ஆல வகுத்தா மணி நேரம் வந்துடுமா?

வராது. ஆனால் அங்கிருந்து தொடங்கலாம். போயிங் 787, ஏர்பஸ் ஏ350 போன்ற பெரிய விமானங்கள் ஒலியின் வேகத்தில் 0.85 பங்கில் பறக்கும். அந்த உயரத்தில் வெளிக்காற்று மைனஸ் 56 டிகிரி செல்சியஸ் அளவில் இருக்கும், ஒலியின் வேகம் மணிக்கு சுமார் 1,060 கி.மீ.தான். அதில் 0.85 பங்கு ஏறக்குறைய 900. போயிங் 737, ஏ320 போன்றவை 0.78 பங்கில் போகும், அதற்கு 830 என்று வைத்துக்கொள்ளுங்கள்.

இதோடு மூன்று திருத்தம் செய்ய வேண்டும். ஒன்று, பெருவட்டத் தூரத்தோடு 4 சதவீதம் கூட்டுங்கள், ஏனென்றால் வழி நேராக இருக்காது (கேள்வி 13). இரண்டு, வேகத்தில் காற்றைக் கூட்டவோ கழிக்கவோ செய்யுங்கள் (கேள்வி 8). மூன்று, கடைசியில் 45 நிமிடம் சேருங்கள். தரையில் ஊர்ந்து போவது, ஏறுவது, இறங்குவது எல்லாம் அதில் அடக்கம். விமானம் மேலே ஏற 20 நிமிடத்துக்கு மேல் ஆகும். இறங்கத் தொடங்குவதும் ஓடுபாதைக்கு 200 கி.மீ. முன்பே. 10,000 அடிக்குக் கீழே உலகின் பெரும்பகுதியில் 250 நாட் வேகம்தான் உச்சவரம்பு, அதாவது மணிக்கு 463 கி.மீ.

சிங்கப்பூர்–லண்டனுக்கே போட்டுப் பார்ப்போம். 10,880 உடன் 4 சதவீதம் கூட்டினால் 11,315. மேற்கே போகும்போது சராசரி எதிர்க்காற்று 40 என்று கொண்டால் 860 ஆல் வகுக்க வேண்டும்: 13 மணி 9 நிமிடம், 45 நிமிடம் சேர்த்து 13 மணி 54 நிமிடம். திரும்பும்போது 940 ஆல் வகுத்தால், 45 நிமிடமும் சேர்த்து 12 மணி 47 நிமிடம். கால அட்டவணையில் இருப்பதற்குப் பக்கத்திலேயே வந்துவிட்டோம். 1,000 கி.மீ.க்கும் குறைவான பயணத்துக்கு மட்டும் இந்தக் கணக்கைப் பெரிதாக நம்ப வேண்டாம். அங்கே பாதி நேரம் ஏறுவதிலும் இறங்குவதிலுமே போய்விடும்.

7. டிக்கெட்ல போட்டிருக்கிற நேரம், வானத்துல பறக்குற நேரமா?

இல்லை. கேட்டில் சக்கரத்துக்கு வைத்த கட்டையை எடுத்து விமானம் நகரத் தொடங்கும் நிமிடத்திலிருந்து, போய்ச் சேரும் இடத்தில் கேட்டில் நின்று கட்டை போடும் நிமிடம் வரை உள்ள நேரம் அது. இதைத்தான் பிளாக் டைம் என்கிறார்கள். ஓடுபாதையை விட்டு எழும்பியது முதல் தரையைத் தொட்டது வரை உள்ளது பறக்கும் நேரம். இரண்டுக்கும் நடுவே 20 முதல் 40 நிமிடம் வித்தியாசம் இருப்பது சாதாரணம். நெரிசலான விமான நிலையங்களில் இன்னும் கூடும். "பறக்கும் நேரம் 12 மணி 40 நிமிடம்" என்று விமானி அறிவித்து, டிக்கெட்டில் 13 மணி 20 நிமிடம் என்று இருந்தால் இரண்டுமே சரிதான்.

8. போறப்ப எட்டு மணி நேரம், அதே வழியில வரப்ப ஆறரை, ஏழு. எப்படி?

காற்று. நடு அட்சரேகைகளில், பயண விமானம் பறக்கும் அதே உயரத்தில், மேற்கிலிருந்து கிழக்காக ஒரு காற்று ஆறு ஓடிக்கொண்டே இருக்கிறது. ஜெட் ஸ்ட்ரீம் என்பது அதுதான். மணிக்கு 200 கி.மீ.க்கு மேல் வீசுவது அதற்குச் சாதாரணம். துருவக் குளிருக்கும் வெப்பமண்டலச் சூட்டுக்கும் உள்ள வித்தியாசம்தான் அதை ஓட்டுகிறது. அதனால்தான் அது குளிர்காலத்தில் பலமாகவும் கோடையில் தளர்ந்தும் இருக்கும். ஒரே விமானத்துக்குப் பருவம் மாறினால் அட்டவணை நேரமும் மாறுவதற்குக் காரணம் இதுவே.

லண்டன்–நியூயார்க் சுமார் 5,550 கி.மீ. நியூயார்க் போக எட்டு மணி நேரம் ஆகும், திரும்பி வர ஏழு மணி நேரம் அல்லது அதற்கும் குறைவு. 2020 பிப்ரவரியில் ஒரு பெரும்புயலின் பின்காற்றைப் பிடித்துக்கொண்டு போயிங் 747 ஒன்று நியூயார்க்கிலிருந்து லண்டனுக்கு 4 மணி 56 நிமிடத்தில் வந்து சேர்ந்தது. வெப்பமண்டலத்தில் இவ்வளவு பலமான காற்று கிடையாது. சிங்கப்பூர்–லண்டன் பயணத்தில் இரு திசைக்கும் வித்தியாசம் ஒரு மணி நேரத்தோடு நின்றுவிடுவது அதனால்தான். பயணத்தில் பாதி அந்தக் காற்று ஆற்றுக்கு வெளியே நடக்கிறது. வடக்கு–தெற்காகப் போகும் பயணங்களில் வித்தியாசம் இன்னும் குறைவு.

9. அது பூமி சுத்துறதாலதானே? நாம மேல இருக்கும்போது கீழே பூமி நகர்ந்துடும்ல?

பலரும் நம்புவது இது, ஆனால் சரியல்ல. நடுக்கோட்டில் பூமி மணிக்கு சுமார் 1,670 கி.மீ. வேகத்தில் கிழக்கு நோக்கிச் சுழல்கிறது. அதன் மேல் உள்ள காற்றும் விமான நிலையமும் நிற்கும் விமானமும் அதே வேகத்தில் கூடவே சுழல்கின்றன. கீழே பூமி மட்டும் நகர்ந்துவிடும் என்றால், மேற்கே போகும் விமானம்தான் சீக்கிரம் போய்ச் சேர வேண்டும். நடப்பது நேர்மாறாக இருக்கிறது.

சுழற்சிக்கு மறைமுகப் பங்கு உண்டு. வெப்பமண்டலத்திலிருந்து துருவம் நோக்கிப் போகும் காற்றைக் கிழக்காகத் திருப்பி ஜெட் ஸ்ட்ரீமை உருவாக்குவதில் அந்தச் சுழற்சி சேர்ந்திருக்கிறது. விமானத்துக்கு உதவுவது காற்று மட்டுமே.

10. போறப்ப எதிர்க்காத்து, வரப்ப பின்காத்து. மொத்தத்துல சரியாயிடும்ல?

ஆகாது. 5,500 கி.மீ. தூரம், 900 கி.மீ. வேகம், 100 கி.மீ. காற்று என்று வைத்துக்கொள்ளுங்கள். போகும்போது 800 ஆல் வகுத்தால் 6 மணி 52 நிமிடம், திரும்பும்போது 1,000 ஆல் வகுத்தால் 5 மணி 30 நிமிடம். மொத்தம் 12 மணி 22 நிமிடம். காற்றே இல்லாவிட்டால் 12 மணி 13 நிமிடத்தில் முடிந்திருக்கும். எதிர்க்காற்றில் அதிக நேரம் இருக்கிறோம், பின்காற்றில் குறைந்த நேரமே இருக்கிறோம். அதனால் இழப்பு எப்போதும் லாபத்தைவிடக் கூடுதல்.

11. சீட்டுக்கு முன்னால திரையில 1,150 கி.மீ. வேகம்னு காட்டுச்சு. ஒலியை மிஞ்சிப் போயிட்டோமா?

இல்லை. திரை காட்டுவது தரை வேகம். விமானம் தன்னைச் சுற்றியுள்ள காற்றில் 900 வேகத்தில்தான் போகிறது, அந்தக் காற்று முழுவதும் 250 வேகத்தில் கிழக்கே நகர்கிறது. ஆற்றோட்டத்தில் போகும் படகு கரையிலிருந்து பார்ப்பவருக்கு வேகமாகத் தெரிவது போலத்தான். ஒலித்தடை என்பது சுற்றியுள்ள காற்றோடு ஒப்பிட்ட வேகத்தைப் பொறுத்தது.

உண்மையிலேயே ஒலியை மிஞ்சிப் போன பயணி விமானம் கான்கார்ட். 1996 பிப்ரவரி 7 அன்று அது நியூயார்க்–லண்டன் தூரத்தை 2 மணி 52 நிமிடம் 59 வினாடியில் கடந்தது.

12. இன்ஜின் பவர் இருக்குல்ல, கொஞ்சம் வேகமாப் போனா என்ன?

ஒலியின் வேகத்தை நெருங்க நெருங்க, இறக்கையின் மேல் ஓடும் காற்று சில இடங்களில் ஒலியை மிஞ்சிவிடும். அப்போது இழுவை திடீரென்று ஏறும். 0.85 இலிருந்து 0.87 க்குப் போனால் பத்து மணி நேரப் பயணத்தில் மிச்சமாவது ஏறக்குறைய கால் மணி நேரம், அதற்குச் செலவாகும் எரிபொருளோ அந்த மிச்சத்துக்குத் தகாத அளவு. தாமதத்தைச் சரிக்கட்ட விமானிகள் சற்று வேகம் கூட்டுவது உண்டு. ஆனால் ஒரு மணி நேரத் தாமதத்தை வேகத்தால் மட்டும் ஈடுகட்ட முடியாது.

13. குறுகிய வழி தெரிஞ்சிருந்தும் ஏன் சுத்திப் போறாங்க?

நல்ல காரணமே முதலில்: காற்று. 300 கி.மீ. சுற்றினாலும் எதிர்க்காற்றைத் தவிர்க்க முடிந்தால், அதுதான் நேரத்திலும் எரிபொருளிலும் குறைந்த வழி. பயணத் திட்டம் போடும் கணினி தேடுவது குறுகிய தரைத் தூரத்தை அல்ல, கேள்வி 1 இல் சொன்ன காற்றுத் தூரத்தை.

அடுத்தது வான்வெளித் தடை. 2022 பிப்ரவரி கடைசியில் ரஷ்ய வான்வெளி ஐரோப்பிய நிறுவனங்களுக்கு மூடப்பட்டதும், ஒன்பதரை மணி நேரத்தை ஒட்டி இருந்த ஹெல்சின்கி–டோக்கியோ பயணம் 13 மணி நேரத்துக்குப் போனது. சில விமானங்கள் வடதுருவத்தின் மேல் போகத் தொடங்கின. இது முதல் தடவையும் அல்ல. பனிப்போர்க் காலத்தில் ஐரோப்பாவிலிருந்து டோக்கியோவுக்குப் போன விமானங்கள் சோவியத் வான்வெளியைத் தவிர்த்து அலாஸ்காவின் ஆங்கரேஜில் நின்று எரிபொருள் நிரப்பிக்கொண்டு போயின.

மூன்றாவது, கீழே இருக்கும் நிலம். திபெத் பீடபூமியின் மேல் வழித்தடங்கள் மிகக் குறைவு. கேபினில் காற்றழுத்தம் போய்விட்டால் விமானம் உடனே 10,000 அடிக்கு இறங்க வேண்டும், ஏனென்றால் பயணிகளின் ஆக்சிஜன் முகமூடி கால் மணி நேரம் போலத்தான் வேலை செய்யும். ஆனால் அந்தப் பீடபூமியின் தரையே சராசரியாக 14,000 அடிக்கு மேல். இறங்க இடம் இல்லாத இடத்தில் குறுகிய வழி இருந்தும் பயனில்லை.

14. ரெண்டு இன்ஜின் விமானம் நடுக்கடல்ல போகுதே, அதுக்கு ஏதாவது விதி உண்டா?

உண்டு, தூரத்தைத் தீர்மானிப்பதில் அதற்குப் பெரிய பங்கும் உண்டு. ஓர் இன்ஜின் நின்றுபோனால், மற்றொன்றை வைத்து இத்தனை நிமிடத்துக்குள் ஏதாவது ஒரு தகுதியான விமான நிலையத்தை அடைய வேண்டும் என்பதே விதி. ஈடாப்ஸ் என்று சொல்வது இதைத்தான். பல ஆண்டுகள் அந்த வரம்பு 60 நிமிடமாக இருந்தது, 1985 இல் அட்லாண்டிக்கைக் கடக்க 120 நிமிடம் அனுமதித்தார்கள். இன்று போயிங் 787 க்கு 330 நிமிடம், ஏ350 க்கு 370 நிமிடம் வரை உண்டு.

வரம்பு குறைவாக இருந்தால் விமானம் கரையோரத்தையும் தீவுகளையும் ஒட்டி வளைந்து போக வேண்டும். வரம்பு கூடக் கூடப் பாதை பெருவட்டத்துக்கு நெருங்கி வரும். வடக்கு அட்லாண்டிக்கில் அவசரத்துக்கு இறங்க இடங்கள் நிறைய இருப்பதால் இந்த விதி இன்று பெரிதாக இடிப்பதில்லை. தெற்குப் பசிபிக்கிலும் தெற்கு இந்தியப் பெருங்கடலிலும்தான் அது உண்மையான தடை.

15. ஒரே நம்பர் ஃப்ளைட், நேத்து ஒரு வழியில போச்சு, இன்னிக்கு வேற வழியில போகுது. ஏதாவது பிரச்சனையா?

பிரச்சனை எதுவும் இல்லை, அப்படித்தான் போக வேண்டும். பாதை நாள்தோறும் புதிதாகப் போடப்படுகிறது. வடக்கு அட்லாண்டிக்கில் காற்று நிலவரத்தைப் பார்த்து, இணையாக ஓடும் பல தடங்களை ஒரு நாளைக்கு இரண்டு முறை வகுக்கிறார்கள். பகலில் மேற்கு நோக்கிய தடங்கள், இரவில் கிழக்கு நோக்கியவை. நேற்றைய தடத்துக்கும் இன்றையதற்கும் சில நூறு கிலோமீட்டர் இடைவெளி இருக்கலாம்.

சிங்கப்பூர்–நியூயார்க் இன்னும் சுவையானது. பெருவட்டம் வடதுருவத்தை ஒட்டிப் போவதால் எந்தப் பக்கம் திரும்பினாலும் தூரத்தில் பெரிய வித்தியாசம் இல்லை. அதனால் போகும்போது பசிபிக் வழியும் திரும்பும்போது அட்லாண்டிக், ஐரோப்பா வழியும் தேர்ந்தெடுத்து, இரண்டு தடவையும் கிழக்கே பறந்து பின்காற்று வாங்க முடிகிறது.

16. எரிபொருளை நிறைய நிரப்பிக்கிட்டா எவ்வளவு தூரம் வேணும்னாலும் போகலாமே?

எரிபொருளைச் சுமக்கவும் எரிபொருள் வேண்டும். கூடுதலாக ஏற்றும் எடையில் மணிக்கு 3 முதல் 4 சதவீதம், அதைச் சுமந்து போவதிலேயே எரிந்துவிடும். பத்து மணி நேரப் பயணத்தில் கூடுதலாக ஒரு டன் ஏற்றினால், போய்ச் சேரும்போது அதில் மூன்றில் ஒரு பங்கு இருக்காது. எடை வரம்பும் உண்டு. தொட்டியில் இடம் இருந்தாலும், பயணிகளும் சரக்கும் நிறைந்திருந்தால் முழுதும் நிரப்பி எழும்ப முடியாது.

எடை அதிகம் என்பதால் தொடக்கத்தில் உயரே ஏறவும் முடியாது. 31,000 அடியில் தொடங்கி, எரிபொருள் தீரத் தீர 35,000, 39,000 என்று படிப்படியாக ஏறுவார்கள். ஏற்றும் எரிபொருளிலும் எல்லாம் பயணத்துக்கே அல்ல. எதிர்பாராத செலவுக்குச் சில சதவீதம், மாற்று விமான நிலையத்துக்குப் போகத் தேவையானது, அதற்கு மேல் 30 நிமிடம் வட்டமடிக்கக் கடைசிக் கையிருப்பு என எல்லாம் சேர்த்துத்தான் கிளம்ப முடியும்.

காற்று மோசமானால் இந்தக் கணக்கு உடையும். நிற்காமல் போகக்கூடிய தூரத்தின் விளிம்பில் பறக்கும் விமானங்கள் குளிர்காலத்தில் அட்லாண்டிக்கை மேற்கே கடக்கும்போது, கனடாவின் காண்டரிலோ கூஸ் பேயிலோ திட்டமில்லாமல் இறங்கி எரிபொருள் போட்டுக்கொண்டு போனதுண்டு. பெர்த்–லண்டன் 14,500 கி.மீ. 2024 ஏப்ரலில் மத்திய கிழக்கு வான்வெளியைச் சுற்றிப் போக வேண்டி வந்தபோது, லண்டன் போகும் விமானம் சிங்கப்பூரில் நிற்க வேண்டியதாயிற்று. திரும்பி வரும் விமானம் மட்டும் பின்காற்றின் உதவியால் நிற்காமலே வந்தது.

17. கிளம்பின நேரத்துக்கு முன்னாடியே போய்ச் சேருதாமே! பயண நேரத்தை எப்படிக் கண்டுபிடிக்கிறது?

டிக்கெட்டில் உள்ள ஒவ்வொரு நேரமும் அந்தந்த ஊரின் நேரம். ஒன்றிலிருந்து ஒன்றைக் கழித்தால் அபத்தமான விடைதான் வரும். இரண்டையும் உலகப் பொது நேரத்துக்கு (UTC) மாற்றிவிட்டுக் கழியுங்கள்.

குளிர்காலத்தில் டோக்கியோவில் மாலை 5 மணிக்குக் கிளம்பி, அதே தேதியில் காலை 10 மணிக்கு லாஸ் ஏஞ்சலஸ் சேரும் விமானத்தைப் பாருங்கள். டோக்கியோ பொது நேரத்தைவிட 9 மணி முன்னால், எனவே மாலை 5 என்பது பொது நேரம் காலை 8. லாஸ் ஏஞ்சலஸ் 8 மணி பின்னால், எனவே காலை 10 என்பது பொது நேரம் மாலை 6. பயணம் 10 மணி நேரம். நடுவில் தேதிக்கோட்டைக் கிழக்காகத் தாண்டியதால் ஒரு நாள் திரும்பக் கிடைத்தது. மேற்காகத் தாண்டினால் ஒரு நாள் போகும், டிக்கெட்டில் சேரும் நேரத்துக்குப் பக்கத்தில் '+1' என்று சிறியதாகப் போட்டிருப்பார்கள். அதைக் கவனிக்காமல் தங்குமிடத்தைத் தவறான தேதிக்குப் பதிவு செய்பவர்கள் ஏராளம்.

கோடைகால நேர மாற்றத்தையும் பார்த்துக்கொள்ளுங்கள். அமெரிக்காவில் அது மார்ச் இரண்டாம் ஞாயிறு தொடங்கும், ஐரோப்பாவில் மார்ச் கடைசி ஞாயிறு. நடுவில் உள்ள இரண்டு மூன்று வாரம் இரண்டுக்கும் உள்ள இடைவெளி வழக்கத்தைவிட ஒரு மணி நேரம் மாறியிருக்கும்.

18. 'டைரக்ட் ஃப்ளைட்'னு வாங்கினேன், நடுவுல ஒரு ஊர்ல இறக்கினாங்க. ஏமாத்திட்டாங்களா?

விமானத் துறையில் டைரக்ட் என்றால் விமான எண் மாறாது என்றுதான் பொருள். நடுவில் நிற்கலாம். நிற்காமல் போவதற்குப் பெயர் நான்-ஸ்டாப். டிக்கெட் எடுக்கும்போது 'நிறுத்தங்கள்' என்ற இடத்தில் சுழியம் இருக்கிறதா என்று பாருங்கள். கேள்வி 6 இல் உள்ள கணக்கும் உதவும்: நீங்கள் போட்ட விடையைவிட டிக்கெட் நேரம் இரண்டு மணி நேரம் கூடுதலாக இருந்தால், நடுவில் ஒரு நிறுத்தம் இருக்கிறது, அல்லது வழி பெரிதாகச் சுற்றுகிறது.

19. 40 நிமிஷம் லேட்டாக் கிளம்பிச்சு, ஆனா சரியான நேரத்துக்கு வந்துடுச்சு. எப்படி?

அட்டவணை நேரத்திலேயே கொஞ்சம் இடம் விட்டுத்தான் போடுகிறார்கள். நெரிசல், வட்டமடிப்பு, சராசரியைவிட மோசமான காற்று இதற்கெல்லாம் சேர்த்த நேரம் அது. அன்று காற்று நல்லபடியாக இருந்தால் அந்த நேரம் மிச்சமாகி, தாமதத்தை விழுங்கிவிடும். துறைக் கணக்கில் 15 நிமிடத்துக்குள் வந்தாலே நேரத்துக்கு வந்ததாகத்தான் எழுதுவார்கள்.

சீக்கிரம் வருவதிலும் தொல்லை உண்டு. கேட் காலியாக இருக்காது. சில விமான நிலையங்களில் இரவில் இறங்கத் தடை. சிட்னியில் இரவு 11 முதல் காலை 6 வரை ஊரடங்கு. பின்காற்று பலமாக இருக்கும் நாளில், 6 மணிக்கு முன் வந்துவிடாதபடி விமானத்தைத் தாமதமாகக் கிளப்புவார்கள், அல்லது வழியில் வேகத்தைக் குறைப்பார்கள்.

20. உலகத்துலேயே நீளமான பயணம் எது? இதைவிட நீளமா வருமா?

நிற்காமல் போகும் வழக்கமான சேவைகளில் சிங்கப்பூர்–நியூயார்க் கென்னடி விமான நிலையம். பெருவட்டத் தூரம் சுமார் 15,350 கி.மீ., அட்டவணை நேரம் 18 மணி நேரத்துக்கு மேல். ஏ350-900 இன் அதிநெடுந்தூர வகை அதில் பறக்கிறது. 2020 மார்ச்சில் தஹிதியின் பப்பேட்டேயிலிருந்து பாரிசுக்கு ஒரு போயிங் 787 நிற்காமல் 15,715 கி.மீ. பறந்தது. வழக்கமாக நிற்கும் அமெரிக்காவில் அப்போது கொரோனா தடை வந்துவிட்டது. இரு முனையும் பிரான்சுக்கு உட்பட்டவை என்பதால் அது உள்நாட்டுப் பயணமும்கூட.

அடுத்த இலக்கு சிட்னி–லண்டன், சுமார் 17,000 கி.மீ. அதற்கென்று ஏ350-1000 இல் 20,000 லிட்டர் கொள்ளும் கூடுதல் தொட்டி வைத்துத் தயாராகிறது. பயணம் காற்றைப் பொறுத்து 20 மணி நேரத்தைத் தாண்டி 22 மணி நேரம் வரை போகலாம். கேள்வி 3 இல் சொன்ன 20,000 கி.மீ. எல்லைக்கு அதற்குப் பிறகும் 3,000 கி.மீ. மீதம் இருக்கும்.